விக்கெட் கீப்பருக்கு ஒரு கவர்

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கிரிக்கெட் அட்டை போட்டு வைக்க நல்ல பிளாஸ்டிக் கவர் வாங்கணும்.

அட்டை என்னோடது இல்ல, எங்க வீட்டுக்காரரோடது. சூயிங்கம் பாக்கெட்டைப் பிரிச்சா உள்ள கிரிக்கெட் வீரர் படம் போட்ட சின்ன அட்டை ஒண்ணு இருக்குமே, அதைச் சேர்க்கிறவர். பள்ளிக்கூடத்துப் பையன்னு நினைச்சுறாதீங்க. பாங்க்ல கேஷியர். மீசை நரைக்க ஆரம்பிச்சிருந்துச்சு.

நாம உலகக் கோப்பை ஜெயிச்ச புதுசு அது. வில்லாபுரம் முழுக்கப் பிள்ளைங்க அட்டை மாத்திக்கிட்டுத் திரிஞ்சாங்க. நடுவுல வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இவரும் நிப்பார். கவுண்டர்ல உக்காந்து மென்னுக்கிட்டே இருக்காருன்னு மேனேஜர் கூப்பிட்டுக் கண்டிச்சும் பாத்துட்டார். "பல்லு டாக்டர் சொல்லிருக்காரு சார்"னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு வந்து அடுத்த பாக்கெட்டைப் பிரிச்சார்.

முழு செட்டும் சேர்ந்துருச்சு, ஒண்ணைத் தவிர. ஒரு விக்கெட் கீப்பர். எம்புட்டு மென்னாலும் அந்த ஆளு மட்டும் வருவேனான்னு இருந்தார். தாடை வீங்கி இவர் கஞ்சி குடிச்ச நாளும் உண்டு.

கடைசியில மேலூர்ல ஒரு வக்கீல்கிட்ட அந்த விக்கெட் கீப்பர் ரெண்டு இருக்காருன்னு தெரிஞ்சது. அந்த வக்கீலும் இவரை மாதிரியே ஒரு கேஸ். அவருக்கு நிறைய அட்டை பாக்கி. அதெல்லாம் எங்ககிட்ட ரெண்டு மூணா கிடந்துச்சு. சனிக்கிழமை பாங்க் அரை நாள்ங்கிறதால, அன்னைக்கு மத்தியானம் நேர்ல வந்து மாத்திக்கிறதா வக்கீலே போன் போட்டுச் சொல்லிட்டார்.

"ஆனா ஒண்ணு சார். அட்டையில கறை, மடிப்பு, ஒட்டல் எது இருந்தாலும் நான் கையால தொடமாட்டேன்."

இதைக் கேட்டதுல இருந்து இவருக்குச் சோறு இறங்கல. காரணம் இருக்கு. அதுக்கு முந்தின மாசம்தான் ஆசை ஆசையா பெரியார் பஸ் ஸ்டாண்டுல பஸ் பாஸ் கவர் வாங்கிட்டு வந்து, நல்ல அட்டையா பாத்து உள்ள சொருகி வச்சார். ஆவணி வெயில். ஒரு வாரம் கழிச்சு உருவினா, ஒரு பவுலரோட தலை கவரோட வந்துருச்சு. உடம்பு மட்டும் அட்டையில பந்து போட ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"இந்தத் தடவையும் இப்படி ஆச்சுன்னா விக்கெட் கீப்பர் அம்புட்டுதான்"னார்.

இங்கதான் நான் வாயைத் தொறந்தேன். நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி டீச்சர். எங்கயாவது யாராவது ஒரு பொருளோட பேரைச் சொன்னா, அது எதுல செஞ்சதுன்னு சொல்லலைன்னா எனக்குத் தலை வெடிச்சுரும்.

"பஸ் பாஸ் கவர் பி.வி.சி.ங்க. அதை வளைய வைக்கிறதுக்கு எண்ணெய் மாதிரி ஒரு சமாச்சாரம் கலப்பாங்க. வெயில் பட்டா அது கசிஞ்சு மையை இழுத்துரும். கவர் வாங்குறதை எங்கிட்ட விடுங்க."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம?"

அந்தப் பேச்சுக்கு நான் பின்னாடி பட்டது உங்களுக்கே தெரியும், படிங்க.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேரா விளக்குத்தூண் பக்கம் போனேன். பிளாஸ்டிக் கடை வரிசையா இருக்கும். முதல் கடையில கேட்டதும் எடுத்துப் போட்டது பஸ் பாஸ் கவர். அடுத்து ரேஷன் கார்டு கவர். அடுத்து முன்னாடி முருகன் படம் அச்சடிச்ச ரேஷன் கார்டு கவர். நான் ஒவ்வொண்ணையும் எடுத்து மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாத்தேன். பி.வி.சி.க்கு ஒரு வாசம் உண்டு.

கடைக்காரர் கவரை எங்கையில இருந்து வாங்கி வச்சார். "அக்கா, இது ஊதுவத்தி இல்ல."

"இது ஒட்டும்ணே. ஒட்டாததா வேணும்."

"ஒட்டாதது எப்படிக்கா தெரியும்?"

"ஓரத்துல ஒரு துண்டு வெட்டிக் கொளுத்திப் பாத்தாத் தெரியும். மெழுகுவத்தி வாசம் வந்தா நல்லது, மூக்கை அறுத்தா பி.வி.சி. தீப்பெட்டி இருக்கா?"

அவர் பின்னாடி திரும்பிப் பாத்தார். தரையில இருந்து கூரை வரைக்கும் பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் குடம், பிளாஸ்டிக் பாய். என்னைப் பாத்தார்.

"கடையை மூடப்போறோம்க்கா. கெளம்புங்க."

அஞ்சரை மணிக்கு மதுரையில எந்தக் கடையை மூடுறாங்க? பக்கத்துக் கடைக்குள்ள நான் காலெடுத்து வைக்கிறதுக்குள்ள அவர் அங்க ஒரு குரல் குடுத்துட்டார். அங்கயும் மூடப்போறாங்களாம்.

வெறுங்கையோட வீட்டுக்குத் திரும்பினேன். எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ரோஸ்லின் அக்கா வீடு. அவங்களுக்கு சீரகம், சோம்பு, வெந்தயம் பாக்கெட் போடுற தொழில். பிளாஸ்டிக் கவர்ல சீரகத்தைப் போட்டு, வாயை ஒரு ரம்பத் தகடு மேல மடிச்சு, மெழுகுவத்தி நெருப்புல ஒரு இழுப்பு இழுத்தா ஒட்டிக்கும். அப்புறம் பாக்கெட்டை வரிசையா ஒரு அட்டையில பின் அடிச்சு சரமாத் தொங்கவிடுவாங்க. பெட்டிக்கடையில தொங்குமே, அதான். அவங்க வீட்டுக்காரர் ஆரோக்கியம் அண்ணே அதைச் சைக்கிள்ல கட்டி எடுத்துட்டுப் போயி கடை கடையா போட்டுட்டு வருவார்.

நான் அந்த வழியா வரும்போது ரோஸ்லின் அக்கா வாசல்ல உக்காந்து இழுத்துக்கிட்டு இருந்தாங்க. மெழுகுவத்தி வாசம் தெருவுக்கே வந்துச்சு.

நின்னேன். ஒரு கவரை எடுத்துக் கசக்கினேன். மொடமொடன்னு இருந்துச்சு. மோந்தேன், ஒரு வாசமும் இல்ல. ஓரத்தைக் கொளுத்தினேன். சொட்டுச் சொட்டா மெழுகு மாதிரியே எரிஞ்சது. ஊரெல்லாம் தேடின பொருள் ரெண்டு வீடு தள்ளி இருந்துருக்கு. எனக்கு வந்த சந்தோசத்துல ரோஸ்லின் அக்காவைக் கட்டிப் பிடிக்காத குறை.

"அக்கா, இந்தக் கவர்லயே அட்டை அளவுக்கு எனக்குச் சின்னச் சின்னதா போட்டுத் தரணும்."

"அதுக்கென்ன டீச்சர், அளவைக் குடுங்க."

"அட்டையைக் கையை விட்டுக் குடுக்காத"ன்னு இவர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார். ஆனா எனக்கு அன்னைக்கு காப்பரீட்சைப் பேப்பர் ஒரு கட்டு திருத்தக் கிடந்துச்சு. ரெண்டு மூணா இருந்த அட்டையில மாத்துறதுக்குன்னு எடுத்து வச்ச கட்டை அப்படியே கொண்டுவந்து ரோஸ்லின் அக்கா கையில குடுத்துட்டேன். நீங்களே உள்ள போட்டு வச்சுருங்க, காலைல வாங்கிக்கிறேன்னேன்.

அதோட விட்டேனா? டீச்சர் இல்லையா நான். பாடம் நடத்தினேன். காத்து உள்ள போகக்கூடாது, ஏன்னா ஆக்சிஜன். ஈரம் போகக்கூடாது, ஏன்னா பூஞ்சைக் காளான். தூசி போகக்கூடாது. கைரேகை படக்கூடாது, கையில எண்ணெய்ப் பசை இருக்கு. ரோஸ்லின் அக்கா மெழுகுவத்தியை அணைச்சு வச்சுட்டு, கன்னத்துல கை வச்சுக் கேட்டாங்க.

"புரிஞ்சதாக்கா?"

"நல்லாப் புரிஞ்சது டீச்சர்."

ஒரு பக்கம் திறந்து இருக்கணும், அப்பத்தான் அட்டையை எடுக்கவும் வைக்கவும் முடியும்னு மட்டும் நான் சொல்லல. அம்புட்டு நேரம் பேசினதுல அதுக்கு நேரமில்ல.

சனிக்கிழமை காலைல இவர் பாங்குக்குக் கிளம்பினார். "கவர் ஆச்சா?"ன்னார். "முதல் தரமா ஆச்சு. மத்தியானம் வந்து பாருங்க"ன்னேன். பேப்பரை முடிச்சு, குளிச்சு, சாவகாசமா ரோஸ்லின் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வாங்க டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே ஊசி முனை காத்துப் போகாம நாலு பக்கமும் ஒட்டிட்டேன். வெறும் பாக்கெட்டா குடுத்தா நல்லாவா இருக்கும்னு அட்டையில பின் அடிச்சு மூணு சரமாப் போட்டு வச்சுருக்கேன்."

மனசுக்குள்ள லேசா ஒரு மணி அடிச்சது. "எங்கக்கா?"

"நீங்க வந்ததும் எடுத்துக்கிறதுக்குத் தோதா வாசல் ஆணியிலதான் மாட்டினேன்."

ரெண்டு பேரும் ஆணியைப் பாத்தோம். ஆணி மட்டும் இருந்துச்சு.

ரோஸ்லின் அக்கா நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. "மாதாவே. ஆணியில தொங்குறதெல்லாம் கடை கடையா போடுற லைனுக்குத்தான்னு அவரு எடுத்துட்டுப் போயிட்டாரு டீச்சர்."

"சீரகத்தோடவா?"

"சீரகத்தோடதான்."

இவர் ஒரு மணிக்கு மேல வருவார். வக்கீல் வருவார். பெட்டியைத் தொறப்பார். மாத்துறதுக்கு எங்ககிட்ட என்ன இருக்கும்? ஒரு சரம் வெந்தயம். அந்த விக்கெட் கீப்பர் வந்த வழியே மேலூர் பஸ் ஏறிருவார்.

"இன்னைக்கு எந்த லைன்க்கா?"

"முதல்ல நம்ம தெரு முக்குக் கடை. அங்கிட்டு ஒத்தக்கடை."

செருப்பைக் கூடச் சரியா மாட்டாம முக்குக் கடைக்கு ஓடினோம். கடைக்கார அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்து ஆளு. ஷாம்பு பாக்கெட்டுக்கும் சோம்புக்கும் நடுவுல எங்க பேட்ஸ்மேன்க தொங்கிக்கிட்டு இருந்தாங்க. சரத்துல பாதிக்கு மேல காலி.

"அண்ணாச்சி, அது எங்க அட்டை. தெரியாம வந்துருச்சு. குடுத்துருங்க."

"தெரியாம வந்துச்சா? ஆரோக்கியம்லா போட்டுட்டுப் போனான். புது ஐட்டம், பிள்ளையள் பிச்சுக்கிட்டுப் போவுது. சீரக விலைதான் போட்டேன்."

"விலை குடுத்தே வாங்கிக்கிறேன். மிச்சத்தை அம்புட்டையும் குடுங்க."

"அது முடியாதுல்லா. எல்லாத்தையும் உங்களுக்கே குடுத்துட்டா, பொறவு கேட்டு வாரவனுக்கு நான் என்ன சொல்ல?"

இந்த நேரம் பாத்து ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். காலைல சீரகம் வாங்கிட்டுப் போனவராம். கண்ணாடி போடாம வந்ததால சரத்துல இருந்து அவரே பிச்சு எடுத்துட்டுப் போயிட்டார். வீட்டம்மா ரசம் வைக்கப் பிரிச்சா, உள்ள மட்டையைத் தூக்கிக்கிட்டு ஒரு ஆளு நிக்கிறான்.

"என்னய்யா ஏவாரம் பண்றே? சீரகம் கேட்டா படம் குடுக்குற?"

அவர் வீசி எறிஞ்ச அட்டையை நான் தரையில விழாமப் பிடிச்சேன். நல்ல கேட்ச். அந்தச் சண்டையில அண்ணாச்சிக்கு அலுத்துப்போய் மிச்சம் இருந்த மூணையும் பிச்சுக் குடுத்தார். ஆக நாலு அட்டை மீண்டது.

அங்க இருந்து பஸ் பிடிச்சு, மாறி, இன்னொரு பஸ் பிடிச்சு ஒத்தக்கடையில இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்துச்சு. ரோஸ்லின் அக்கா வழி நெடுக ஜெபமாலை உருட்டிக்கிட்டே வந்தாங்க. நான் வழி நெடுக வீட்டுல என்ன பொய் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஒண்ணும் அமையல.

ஆரோக்கியம் அண்ணே டீக்கடை வாசல்ல சைக்கிளைச் சாத்திட்டு வடை தின்னுக்கிட்டு இருந்தார். எங்களைப் பாத்ததும் முகம் மலர்ந்து போச்சு.

"ரோசு, என்ன நீயே வந்துட்ட? அந்தப் படச் சரம் இருக்குல்ல, இன்னும் பத்துப் போடு. யானைமலை பக்கத்துக் கடைக்காரரு கேக்குறாரு. ரெண்டு சரமும் போட்ட உடனே போயிருச்சு."

ரோஸ்லின் அக்கா அவரைக் கேட்ட கேள்வியை நான் இங்க எழுத முடியாது. மாதா மன்னிக்கட்டும்.

அந்தக் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் சொன்னார்: "ஒரே ஆளும்மா. பெரிய மனுசன். பஸ் மாறுறதுக்கு இறங்குனவரு, சூயிங்கம் இருக்கான்னு கேட்டு வந்தாரு. சரத்தைப் பாத்ததும் சூயிங்கத்தை மறந்துட்டாரு. ரெண்டையும் மொத்தமா வாங்கிட்டாரு. இன்னும் இருக்கான்னு உள்ள வரைக்கும் எட்டிப் பாத்தாரு."

"ஆளு எப்படி இருந்தாரு?"

"வெள்ளைச் சட்டை. கையில ஒரு தோல் பெட்டி."

மதுரைக்கு வர்ற பஸ்ல பாதிப் பேரு வெள்ளைச் சட்டை. தோல் பெட்டி கையில வச்சிருந்தா யாரா இருக்கும்னு யோசிக்கிற நிலைமையில என் மூளை இல்ல. நாலு அட்டையோட வீடு வந்து சேர்ந்தேன்.

உள்ள பேச்சுக் குரல். இவர் வந்தாச்சு. வக்கீலும் வந்தாச்சு. வெள்ளைச் சட்டை. மடியில தோல் பெட்டி.

"வாம்மா"ன்னு இவர் எந்திரிச்சார். முகமெல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பிரகாசம். "சார் இப்பத்தான் வந்தார். நம்ம அட்டையை எடுத்துட்டு வா."

"இருங்க சார், முதல்ல என் அதிர்ஷ்டத்தைப் பாருங்க"ன்னு வக்கீல் பெட்டியைத் தொறந்தார். "ஒத்தக்கடையில பஸ் மாற இறங்கினேன். ஒரு பெட்டிக்கடையில சரமாத் தொங்குது சார். எனக்கு இல்லாதது அம்புட்டும் இருக்கு. சீரகம் விக்கிற விலை."

மேசை மேல ரெண்டு சரத்தையும் விரிச்சு வச்சார். இவர் ஆசையாக் குனிஞ்சு பாத்தார்.

"பின்னாடி பாருங்க சார். எல்லாத்துலயும் பென்சில்ல 'இ'ன்னு ஒரு எழுத்து. கம்பெனிக்காரன் ஏதோ சீரியல் போட்டுருக்கான் போல."

'இ'ன்னா இரட்டை. இவர் கையெழுத்து. இவர் மெதுவா நிமிர்ந்து என்னைப் பாத்தார். கல்யாணமாகி அத்தனை வருசத்துல அப்படி ஒரு பார்வையை நான் பாத்ததில்ல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

நடந்ததை நானே சொன்னேன். ஆணி, சைக்கிள், சீரகம், எல்லாத்தையும். வக்கீல் ரொம்ப அனுதாபமாத் தலையாட்டிக் கேட்டார். கேட்டுக்கிட்டே சரத்தை மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சார்.

"வருத்தமான விசயம்தாம்மா. ஆனா கடையில தொங்குச்சு, விலை கேட்டேன், சொன்னாரு, குடுத்து வாங்கினேன். இதுல என் தப்பு எங்க இருக்கு சொல்லுங்க?"

"தப்புன்னு சொல்லல சார்"னு இவர் இழுத்தார். "அப்ப... அந்த விக்கெட் கீப்பர்?"

"மாத்திக்கத்தான சார் வந்தேன். மாத்துறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?"

நான் நாலு அட்டையை நீட்டினேன். ஒவ்வொண்ணாப் பாத்தார். "இது சரத்துலயே இருக்கு. இது இருக்கு. இது ரெண்டு இருக்கு. இதுல ரச வாடை வருது."

"விலைக்குக் குடுக்க மாட்டீங்களா சார்?"

"நான் அட்டையை விக்கிறதில்ல சார். அது ஒரு கொள்கை."

சீரக விலைக்கு அம்புட்டையும் வாரிக்கிட்டு வந்தவருக்குக் கொள்கை. எனக்கு வந்த ஆத்திரத்துல இவர் போட்டுக் குடுத்து அவர் குடிச்ச காபியைத் திரும்பக் கேக்கலாமான்னு இருந்துச்சு.

"சரி, பாக்கவாவது பாத்துக்கங்க"ன்னு சட்டைப் பையில இருந்து அந்த விக்கெட் கீப்பரை எடுத்துக் காட்டினார்.

குனிஞ்சு, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, அழகா இருந்தார். இவர் பெருமூச்சு விட்டார். நான் படத்தைப் பாக்கல. கவரைப் பாத்தேன். பஸ் பாஸ் கவர்.

அந்தக் கவர் அட்டையோட ஓரத்துல ஏற்கனவே ஈரம் பட்ட மாதிரி ஒட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. இன்னும் ஒரு வெயில் போதும். தொப்பி, மூக்கு, கிளவுஸ் எல்லாம் கவரோட வந்துரும். இவரும் அதைக் கவனிச்சுட்டார். வக்கீலுக்குத் தெரியாம என்னைப் பாத்துக் கண்ணாலயே கெஞ்சினார். வாயைத் தொறக்காதன்னு அதுக்கு அர்த்தம். எனக்கும் புரிஞ்சது. புரிஞ்சு என்ன பண்ண?

"சார், இது பி.வி.சி."

"என்னம்மா?"

"இதுல எண்ணெய் மாதிரி ஒரு சமாச்சாரம் கலந்துருக்கும்..."

முழுசாச் சொல்லி முடிச்சேன். வக்கீல் வெலவெலத்துப் போயிட்டார். "அப்ப இந்தச் சரத்துல இருக்கிற கவர்?"

"அது ஒட்டாது. நான் தேர்ந்தெடுத்தது."

"அம்மா, உங்க அறிவே அறிவு. இதுக்கும் அதே மாதிரி ஒண்ணு கிடைக்குமா?"

கிடைச்சது. ரோஸ்லின் அக்கா வீட்டுல இருந்து நானே போய் ஒரு கவரும் ரம்பத் தகடும் வாங்கிட்டு வந்தேன். அட்டையை ஓரம் கிழியாம, மை போகாம மெதுவா உரிச்சு எடுத்து, புதுக் கவருக்குள்ள விட்டு, ரம்பத் தகட்டுல மடிச்சு மெழுகுவத்தியில நானே இழுத்தேன். இந்தத் தடவை ஒரு பக்கம் திறந்து விட மறக்கல. வக்கீல் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு, கும்பிட்டுட்டு, மேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

கதவைச் சாத்திட்டு வந்து இவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "மூஞ்சி ஒட்டிப் போயிருந்தா, அந்த வக்கீலே இது வேணாம்னு நமக்குத் தூக்கிக் குடுத்திருப்பான்ல?"

அந்த விக்கெட் கீப்பர் இன்னைக்கும் ஒரு கீறல் இல்லாம இருப்பார், மேலூர்ல.